கலைக்கூடங்களுக்கான இணையதள வார்ப்புரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் புதுச்சேரியிலும் இயங்கும் சிறிய, நடுத்தரக் கலைக்கூடங்களை மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. ஒரே வார்ப்புருவை, அதாவது தளத்தின் தோற்றத்தையும் பக்க அமைப்பையும் முன்கூட்டியே வகுத்துத் தரும் அச்சை, பல கலைக்கூடங்களுக்குப் பொருந்தும்படி உருவாக்க விரும்பும் வடிவமைப்பாளர்களும், அப்படியொன்றை வாங்கப்போகும் உரிமையாளர்களும் வழக்கமாகக் கேட்பவை இங்கே உள்ளன. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னை ஓவிய இயக்கத்தை, அதாவது சென்னைக் கலைப் பள்ளியைச் சுற்றி வளர்ந்த நவீன ஓவியர், சிற்பிகளின் இயக்கத்தைச் சார்ந்தவை.

இணையக் கடைக்கான வார்ப்புருவோ புகைப்படக்காரர்களுக்கான வார்ப்புருவோ கலைக்கூடத்திற்குப் போதாதா?

போதாது. கடை வார்ப்புருவின் கணக்கில், விற்ற பொருள் இருப்பிலிருந்து மறைந்துவிட வேண்டும். புகைப்படக்காரருக்கான வார்ப்புருவின் கணக்கில், தளம் முழுவதும் ஒருவருடைய படைப்புகளே இருக்கும். கலைக்கூடத்தில் இரண்டுமே பொருந்துவதில்லை. கலைஞர், படைப்பு, கண்காட்சி ஆகிய மூன்றும் அங்கே தனித்தனிப் பதிவுகள்; ஒவ்வொன்றும் மற்ற இரண்டோடு பலவாறு பிணைந்துள்ளது. ஓவியர் கே. எம். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி வரைந்த கோட்டோவியங்களில் ஒன்று ஒரு கலைக்கூடத்திடம் இருப்பதாகக் கொள்வோம். அது முதலில் ஒரு குழுக் கண்காட்சியில் இடம்பெறலாம்; பின்னர் ஒரு நினைவுக் கண்காட்சிக்குப் போகலாம்; அதன்பின் விற்கப்படலாம். விற்ற பிறகும் அதைப் பற்றி மாணவரும் ஆய்வாளரும் சேகரிப்பாளரும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆகவே விற்ற படைப்பின் பக்கம் நீங்கக் கூடாது. கண்காட்சிகளில் வழங்கும் சிவப்புப் புள்ளியோடு அதே முகவரியில் அது நிலைத்திருக்க வேண்டும். இந்தப் பிணைப்பைத் தாங்காத வார்ப்புரு எவ்வளவு அழகாக இருந்தாலும், மூன்றாவது கண்காட்சி முடிவதற்குள் பக்கங்களைக் கையால் நகலெடுத்து ஒட்டும் நிலைக்கு அலுவலகத்தைத் தள்ளிவிடும்.

அப்படியானால் வடிவமைப்பை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

முகப்புப் பக்கத்திலிருந்து அல்ல. ஓவியத்தின் அருகே சுவரில் ஒட்டப்படும் விவரச்சீட்டிலிருந்து தொடங்க வேண்டும். கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு என்று ஐந்தாறு வரிகளில் அடங்கும் அந்தச் சீட்டுதான் கலைக்கூடத்தின் அடிப்படைத் தரவு. அந்தத் தரவு ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு பெட்டியாக, அதாவது புலம் புலமாகப் பிரிந்திருந்தால் படைப்புப் பக்கம், கலைஞர் பக்கம், கண்காட்சிப் பட்டியல், விலைப்பட்டியல், அச்சிடும் விவரச்சீட்டு ஆகிய அனைத்தும் அதிலிருந்தே பிறக்கும். பெரும்பாலான வார்ப்புருக்கள் இதற்கு நேர்மாறாக, முழுத்திரை முகப்புப் படத்தில் தொடங்கி, விவரங்களை ஒரே உரைப்பெட்டியில் திணிக்கும்படி விட்டுவிடுகின்றன. பின்னர் "1970-களின் எண்ணெய் வண்ண ஓவியங்களை மட்டும் காட்டு" என்று ஒருவர் கேட்டால் அந்தத் தளத்தால் விடை சொல்ல முடியாது.

படைப்புப் பதிவில் எந்தப் புலங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்?

பொருட்பதிவு எண், கலைஞர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், தளப்பொருள் (கேன்வாஸ், தாள் போன்றவை), அளவுகள், கையொப்ப விவரம், இருப்பு நிலை, பட உரிமையாளர் ஆகியவை குறைந்தபட்சம் வேண்டும். இவற்றில் இரண்டைப் பற்றியும், பல படிகள் உள்ள படைப்புகளுக்குக் கூடுதலாகத் தேவைப்படும் படியெண்ணைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

முதலாவது ஆண்டு. "சுமார் 1965", "1968–70", "ஆண்டு குறிக்கப்படவில்லை" ஆகியவை கலை உலகில் அன்றாட வழக்கு. புலத்தை எண்ணாக மட்டும் வைத்தால் இவற்றை எழுத முடியாது; உரையாக மட்டும் வைத்தால் வரிசைப்படுத்த முடியாது. பார்வையாளருக்குத் தெரியும் உரைப்புலம் ஒன்றும், வரிசையாக்கத்திற்கான தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு என்ற எண் புலங்கள் இரண்டும் தேவை.

இரண்டாவது அளவு. ஓவியத்தின் அளவை உயரம் முதலாகவும் அகலம் இரண்டாவதாகவும் எழுதுவதே கலைக்கூடங்களின் மரபு. கணினித் திரையில் வேலை செய்பவர்களுக்கு அகலம் முதலில் வருவது பழக்கம். இரு பழக்கங்களும் மோதும் இடத்தில் நெடிய ஓவியம் கிடந்த ஓவியமாகப் பதிவாகிவிடும். எனவே ஒரே பெட்டியில் பெருக்கல் குறியோடு எழுதவிடாமல் உயரம், அகலம், ஆழம் என மூன்று எண் புலங்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் தெளிவாகப் பெயரிட வேண்டும். நம் ஊரில் பலர் அங்குலத்தில் அளக்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் சென்டிமீட்டரில் கேட்பார். ஓர் அலகில் உள்ளிட்டால் மற்றதை 2.54 என்ற விகிதத்தில் வார்ப்புருவே கணக்கிட்டுக் காட்டட்டும். அளவுகள் எண்களாக இருப்பதில் வேறொரு பயனும் உண்டு: ஒரே கண்காட்சியின் படைப்புகளை உண்மையான ஒப்பளவில் அருகருகே நிறுத்திக் காட்டலாம். உள்ளங்கையளவு எட்சிங் அச்சோவியமும் ஆறடிக் கேன்வாஸும் திரையில் ஒரே அகலத்தில் தோன்றுவது இணையக் கலைக்கூடங்களின் பெரிய குறை; அதற்கு இதைவிட எளிய மருந்து இல்லை.

மூன்றாவது, படியெண். எட்சிங், லித்தோகிராஃப் போன்ற அச்சோவியங்களிலும் வார்ப்புச் சிற்பங்களிலும் ஒரே படைப்புக்குப் பல படிகள் இருக்கும். 25 படிகளில் 3-ஆவது விற்றுவிட்டால் படைப்பே விற்றுவிட்டதாகக் காட்டக் கூடாது. படைப்பு ஒரு பதிவாகவும் அதன் படிகள் அதற்குக் கீழ்ப்பட்ட பதிவுகளாகவும் இருக்க வேண்டும். கலைஞருக்குரிய படிகளையும் இதில் தனியாகக் குறிக்க வேண்டும்.

கலைஞர்களின் பெயர்களை அகரவரிசைப்படுத்தும்போது ஏன் குழப்பம் வருகிறது?

பெரும்பாலான வார்ப்புருக்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டாயப் புலங்களோடு வருகின்றன. நம் பெயர்கள் அந்த அச்சில் அடங்குவதில்லை. கே. எம். ஆதிமூலம், எஸ். தனபால் போன்ற பெயர்களில் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராகக் கொண்டால் வரிசை தற்செயலாகச் சரியாக வந்துவிடும். ஆனால் அச்சுதன் கூடலூர் என்ற பெயரில் இரண்டாவது சொல் ஊர்ப்பெயர். அவரைக் "கூ" வரிசையில் யாரும் தேட மாட்டார்கள். தேவி பிரசாத் ராய் சவுத்ரியின் பெயரில் குடும்பப்பெயர் இருக்கிறது. டிராட்ஸ்கி மருதுவை மருது என்றும் தேடுவார்கள், டிராட்ஸ்கி என்றும் தேடுவார்கள். ஒரே விதியால் இத்தனையையும் பிடிக்க முடியாது. காட்சிப் பெயர், வரிசைப் பெயர், மாற்றெழுத்து வடிவங்கள் என்று மூன்று புலங்களை வைத்து, வரிசைப் பெயரைக் கலைக்கூடமே தீர்மானிக்கும்படி விடுவதுதான் முறை. முதற்பெயர்ப் புலத்தில் தலைப்பெழுத்துகள் போய் உட்கார்ந்துகொண்டு, செய்திமடல் "அன்புள்ள ஆர். பி." என்று தொடங்கும் கூத்தும் இதனால் நிற்கும்.

தமிழ் எழுத்துகளின் வரிசையிலும் கவனம் தேவை. யூனிகோடு குறியெண் வரிசையில் "ன" எழுத்து "ந" எழுத்தை அடுத்து வருகிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் "அன்பு" என்ற பெயரை "அரசு" என்ற பெயருக்கு முன்னால் வைத்துவிடும். தமிழுக்குரிய வரிசையாக்க விதிகள் இன்றைய உலாவிகளிலேயே உள்ளன. மொழியைத் தமிழ் என்று குறிப்பிட்டு அவற்றைப் பயன்படுத்தினால் போதும்.

சிறுபடங்கள் எல்லாம் ஒரே சதுரத்தில் இருந்தால் பக்கம் ஒழுங்காகத் தெரியுமே?

பக்கம் ஒழுங்காகத் தெரியும், ஓவியம் வெட்டுப்படும். சட்டகத்தின் விளிம்புவரை வரைந்தவருடைய முடிவு இருக்கிறது. அதை வார்ப்புரு திருத்தக் கூடாது. முழுப் படைப்பும் தெரியும்படி ஒரே உயரமுள்ள வரிசைகளில் அடுக்கலாம், அல்லது ஒரே அகலமுள்ள நெடுவரிசைகளில் விடலாம். நெடுவரிசை முறையில் கண் எதை முதலில் பார்ப்பது என்று தடுமாறுவதால், ஒரே உயர வரிசைகளையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்ட விரும்பினால் "பகுதி" என்று படத்தின் கீழ் எழுதிவிட வேண்டும். அச்சு நூல்கள் நெடுங்காலமாக அப்படித்தான் செய்கின்றன.

ஒவ்வொரு படத்தின் அகல உயர விகிதத்தையும் நிரலில் முன்கூட்டியே குறிப்பிட்டால், படம் வந்து சேரும்வரை உலாவி அதற்கான இடத்தை ஒதுக்கி வைக்கும்; எழுத்துகள் குதிப்பது நிற்கும்.

பின்புலம் வெள்ளையாக இருக்க வேண்டுமா, கறுப்பாகவா?

கலைக்கூடச் சுவர் வெள்ளை என்பதால் திரையும் தூய வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதில்லை. சுவர் ஒளியைப் பிரதிபலிக்கிறது. திரை தானே ஒளிர்கிறது. தூய வெள்ளைத் திரையில் ஆழ்ந்த நிறமுள்ள ஓவியம் இன்னும் இருண்டு தெரியும். கறுப்புப் பின்புலத்தில் அதே ஓவியம் கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் போட்டதுபோல் பளிச்சிடும், அதுவும் பொய்தான். வண்ணச் சாயலற்ற, சற்றே மங்கிய வெள்ளையோ வெளிர் சாம்பலோ நடுநிலையானது. மஞ்சள் கலந்த தாள் நிறத்தைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அதன் அருகில் நீலங்கள் மாறித் தெரியும். சில கைப்பேசி உலாவிகள் இரவுப் பயன்முறையில் பக்க நிறங்களைத் தாமாகவே மாற்றிவிடும். படைப்புப் பக்கங்களில் அதை ஏற்கவில்லை என்று நிரலில் அறிவித்துவிட வேண்டும்.

படங்களை எவ்வளவு பெரிதாக வைக்கலாம்? உருப்பெருக்கம் அவசியமா?

சாதாரணப் படைப்புப் பக்கத்திற்கு நீண்ட பக்கம் ஏறத்தாழ 2000 பிக்சல் உள்ள படம் போதும். ஒரே கோப்பை எல்லோருக்கும் அனுப்பாமல், நான்கைந்து அளவுகளைத் தயாரித்து வைத்து, திரைக்குத் தக்கதை உலாவி தேர்ந்தெடுக்கும்படி செய்ய வேண்டும். வெப்பி, ஏவிஐஎஃப் வடிவங்கள் ஜேபெக்கைவிடச் சிறியவை. ஆனால் மிகையாகச் சுருக்கினால் கேன்வாஸின் நெசவும் தூரிகைத் தடமும் முதலில் அழியும். எனவே சுருக்க அளவைக் கலைக்கூடத்தார் மாற்றிக்கொள்ளும்படி அமைப்புப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

உருப்பெருக்கம் எல்லாப் படைப்புகளுக்கும் தேவையில்லை. ஆதிமூலத்தின் கோட்டோவியங்களிலோ, கே. ராமானுஜத்தின் நெருக்கமான மைக் கோடுகளிலோ பார்வையாளர் அருகில் போய்ப் பார்க்கத்தான் விரும்புவார். அத்தகையவற்றுக்குப் பெரிய படத்தைச் சிறு ஓடுகளாக வெட்டி, பார்க்கும் பகுதியை மட்டும் அனுப்பும் முறை உண்டு. 2011-இல் தொடங்கி உலகின் பெரிய நூலகங்களும் அருங்காட்சியகங்களும் ஏற்றுக்கொண்ட ட்ரிபிள் ஐ எஃப் (IIIF) என்ற தரவரையறை இதற்கெனவே உள்ளது. ஓப்பன்சீட்ராகன் என்ற கட்டற்ற மென்பொருள் அந்த ஓடுகளைத் திரையில் இணைத்துக் காட்டும். சிறு கலைக்கூடம் இதற்கெனத் தனி சர்வர் வைக்க வேண்டியதில்லை. ஓடுகளை முன்கூட்டியே வெட்டிச் சாதாரண இடவசதியில் வைத்தாலே வேலை நடக்கும்.

திரையில் நிறங்கள் மங்கித் தெரிகின்றன. வார்ப்புருவின் குறையா?

பல நேரங்களில் ஆம். புகைப்படக்காரர் அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிறவெளியில் படத்தைத் தருகிறார். கோப்பைச் சுருக்கும் ப்ளக்இன் (தளத்தோடு சேர்க்கும் துணை நிரல்) அதிலிருந்த நிற விவரக்குறிப்பை நீக்கிவிடுகிறது. உலாவி அதை இணையத்தின் வழக்கமான நிறவெளியான எஸ்ஆர்ஜிபி என்று கருதி வெளுத்துக் காட்டுகிறது. பதிவேற்றும் கணத்திலேயே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, விவரக்குறிப்பையும் கோப்பில் விட்டுவைத்தால் இது தீரும். அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் 24 நிறக்கட்டங்கள் கொண்ட நிற அட்டையை ஓவியத்தோடு சேர்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளும்படி புகைப்படக்காரரிடம் கேட்கலாம்.

தஞ்சாவூர் ஓவியங்களையும் உலோகச் சிற்பங்களையும் எப்படிக் காட்டுவது?

ஒரே படத்தால் காட்ட முடியாது என்பதை வார்ப்புரு முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கத்தகடு ஒட்டிய புடைப்புகள் ஒளி விழும் கோணத்திற்கேற்ப மின்னும். நேர் ஒளியில் எடுத்தால் தங்கம் வெறும் பழுப்பாகவோ வெள்ளைத் திட்டாகவோ பதிவாகும். சமச்சீரான ஒளியில் ஒரு படம், பக்கவாட்டிலிருந்து விழும் ஒளியில் ஒரு படம், புடைப்பின் அருகுப்படம் ஒன்று என மூன்றையேனும் ஒரே பதிவில் ஏற்ற இடம் வேண்டும். ஒளி நகர்வதைக் காட்டும் சில நொடிக் காணொளி இருந்தால் இன்னும் நல்லது. அது ஒலியின்றி இருக்க வேண்டும், தானாக ஓடத் தொடங்கக் கூடாது.

பி. வி. ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்களோ எஸ். நந்தகோபாலின் உலோகப் படைப்புகளோ முன்புறத் தோற்றத்தை முதன்மையாகக் கொண்டவை. அவற்றைச் சுழலும் முப்பரிமாண மாதிரியாக மாற்றுவதைவிட, முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் உலோகப் பரப்பின் அருகுப்படமும் தருவதே படைப்புக்கு நியாயம் செய்யும். முப்பரிமாண வசதி வேண்டுமென்றால் விருப்பத்தேர்வாக வைத்துக்கொள்ளலாம். வார்ப்புருவின் விளம்பரத்தில் அது பெரிதாகத் தெரியும், பயன்பாட்டில் அரிதாகவே தேவைப்படும்.

தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தளம் இயங்க வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?

ஆங்கில எழுத்துகளை வைத்து மட்டுமே வடிவமைத்த வார்ப்புருவில் தமிழை ஊற்றினால் முதலில் உடைவது தலைப்புகள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "தலைப்பிடப்படாதது" என்ற ஒரே சொல் கைப்பேசித் திரையின் அகலத்தைத் தாண்டிவிடக்கூடும். தலைப்பின் எழுத்தளவைத் தமிழ்ப் பக்கங்களுக்குத் தனியே குறைக்கவும், வரி இடைவெளியை எழுத்தளவின் 1.6 மடங்கு அளவுக்குக் கூட்டவும் இடம் தர வேண்டும். நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள்.

ஆங்கில மரபில் படைப்பின் தலைப்பைச் சாய்வெழுத்தில் எழுதுவார்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அதற்கென வரைந்த சாய்வு வடிவம் கிடையாது. உலாவி நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துவிடும், பார்க்கச் சகிக்காது. தமிழ்ப் பக்கங்களில் தலைப்பை மேற்கோள் குறிக்குள்ளோ சற்றுத் தடித்த எழுத்திலோ காட்டும்படி தனி விதி எழுதிவிடுங்கள்.

பக்க முகவரியிலும் ஒரு சிக்கல் உண்டு. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு முகவரியாக மாறும்போது ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. "கோ" போன்ற உயிர்மெய்க்கு இரண்டு குறியீடுகள். தளங்களை அமைக்கப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் முகவரியின் கடைசிப் பகுதிக்கு 200 எழுத்துகள்தான் ஒதுக்குகிறது. ஆக 22 குறியீடுகளோடு தலைப்பு பாதியில் அறுபடும். பொருட்பதிவு எண்ணையே முகவரியாக வைத்தால் இது எழாது. தலைப்பு பின்னர் திருத்தப்பட்டாலும் முகவரி மாறாது என்பது அதில் கிடைக்கும் கூடுதல் இலாபம்.

விலையை வெளிப்படையாகக் காட்டலாமா?

இது கலைக்கூடத்தின் முடிவு. வார்ப்புரு எல்லா வழிகளுக்கும் இடம் தர வேண்டும். விலை, விலை வரம்பு, "விலை கேட்டறியவும்", விற்பனைக்கு அல்ல என்ற நான்கு நிலைகள் போதும். எங்கள் கருத்தில், அச்சோவியங்களுக்கும் சிறு தாள் ஓவியங்களுக்கும் விலையை எழுதிவிடுவது நல்லது; முதன்முறையாக ஓவியம் வாங்க வருபவர் விலை கேட்கவே கூச்சப்பட்டுத் திரும்பிவிடுகிறார். வரி விகிதத்தை நிரலில் எண்ணாக எழுதி வைக்காமல், மாற்றக்கூடிய அமைப்பாக விட வேண்டும்.

மறுவிற்பனையில் ஈடுபடும் கலைக்கூடங்களுக்கு இன்னொரு புலமும் தேவை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவின்படி, மூல ஓவியம் அல்லது சிற்பம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும்போது, முதல் உரிமையாளராக இருந்த கலைஞருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ அந்த விலையில் பங்கு கேட்கும் உரிமை உண்டு. அந்தப் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டாது. ஆகவே கைமாறிய வரலாற்றைப் பொதுமக்களுக்குத் தெரியாத உட்புலமாகப் பதிந்து வைக்க வேண்டும்.

ஓவியம் எங்களுக்குச் சொந்தம். படத்தைத் தளத்தில் இடுவதற்கு அனுமதி வேண்டுமா?

பொதுவாக வேண்டும். ஓவியத்தை வாங்குவதால் அதன் பதிப்புரிமை கைக்கு வந்துவிடாது. கலைஞர் வாழும் காலமும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கிறது. 1906-இல் மறைந்த ராஜா ரவிவர்மாவின் படைப்புகள் உரிமைக் காலத்தைக் கடந்தவை. 1977-இல் மறைந்த கே. சி. எஸ். பணிக்கரின் படைப்புகளுக்கு 2037 முடியும்வரை உரிமை உண்டு.

அனுமதிக் கடிதத்தின் வாசகத்திலும் கவனம் வேண்டும். உரிமத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. இணையதளமோ உலகெங்கும் திறக்கிறது, பல ஆண்டுகள் நிற்கிறது. "உலகம் முழுவதும், இணையத்தில், இத்தனை ஆண்டுகளுக்கு" என்று எழுத்தில் பெற்று, அனுமதி முடியும் நாளைப் பதிவில் ஒரு தேதிப் புலமாக வைத்தால், காலாவதிக்கு முன்பே வார்ப்புரு நினைவூட்டும். புகைப்படம் எடுத்தவருடனான ஒப்பந்தமும் தனியே இருக்க வேண்டும்.

நூறாண்டு கடந்த பழைய ஓவியங்களையும் விற்பனைப் பக்கத்தில் சேர்க்கலாமா?

அவை வேறு சட்டத்தின் கீழ் வருகின்றன. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, குறைந்தது நூறாண்டு பழைமையுள்ள ஓவியமும் சிற்பமும் தொல்பொருள்கள். அவற்றை வணிகம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் அவற்றை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. நூறாண்டு ஆகாவிட்டாலும் அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ் உள்ளிட்ட சிலருடைய படைப்புகள் கலைக் கருவூலங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கும் ஏற்றுமதித் தடை உண்டு. "இந்தியாவுக்குள் மட்டும்" என்ற குறியைப் பதிவில் இட்டவுடன் வெளிநாட்டு அனுப்புகை தொடர்பான வாசகங்கள் அந்தப் பக்கத்திலிருந்து மறைந்துவிடும்படி வார்ப்புருவை அமைக்க வேண்டும்.

படங்களைத் திருடாமல் தடுக்க வலது சொடுக்கை முடக்கலாமா?

பயனில்லை. திரைப்பிடிப்பை யாரும் தடுக்க முடியாது. ஓவியத்தின் குறுக்கே நீர்க்குறி இடுவது திருடுபவரைவிடப் பார்ப்பவரையே அதிகம் தண்டிக்கிறது. அச்சுக்குப் போதாத அளவில் படத்தைத் தருவதும், உரிமையாளர் பெயரைக் கோப்பின் உள்விவரத்தில் எழுதி வைப்பதுமே நடைமுறைக்கு ஏற்றவை.

பார்வையற்றோருக்கான மாற்றுரையில் என்ன எழுதுவது?

படத்தைக் காண முடியாதவருக்காக அதைச் சொற்களில் விவரிப்பதே மாற்றுரை; தலைப்பையே மீண்டும் எழுதுவது மாற்றுரை ஆகாது. தலைப்பு அருகிலேயே இருக்கிறது, திரையிலுள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைபடிப்பான் அதை இரண்டு முறை வாசிக்கும். பணிக்கர் 1963-இல் தொடங்கிய "சொற்களும் குறியீடுகளும்" வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். "பரப்பு முழுவதும் எழுத்துபோல் தோன்றும், ஆனால் படித்துப் பொருள்கொள்ள முடியாத வரிகள், இடையிடையே ஜாதகக் கட்டங்கள் போன்ற வடிவங்களும் கணிதக் குறிகளும்" என்பதுபோல், கண்ணுக்குத் தெரிவதை விளக்கத்தில் இறங்காமல் சொல்ல வேண்டும். இதற்குத் தனிப் புலம் இருந்து, அது காலியாக இருக்கும்போது வெளியிடும் முன் எச்சரிக்கை வர வேண்டும். விவரச்சீட்டை மெல்லிய சாம்பல் எழுத்தில் அச்சிடும் நாகரிகத்தையும் இங்கேயே குறிப்பிட வேண்டும்: எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளிமாறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது அணுகல்தன்மை விதி; முதியவர்களான சேகரிப்பாளர்கள் பலருக்கும் அது உதவும்.

முகப்பில் சுழலும் படவரிசை வேண்டாமா?

வேண்டாம். நடந்துகொண்டிருக்கும் கண்காட்சியின் ஒரு படம், தேதிகள், திறந்திருக்கும் நேரம், வழி ஆகியவை உருட்டாமலே தெரிந்தால் போதும். அந்த முதன்மைப் படம் இரண்டரை நொடிக்குள் தோன்ற வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். படம் திரைக்கு வரும் நேரத்தில்தான் அதைத் தாமதமாக ஏற்றும் வசதியை அந்த ஒரு படத்துக்கு மட்டும் நிறுத்திவைக்க மறக்கக் கூடாது.

வேர்ட்பிரஸில் வார்ப்புருவை அமைக்கும்போது முக்கியமான விதி எது?

தோற்றம் வார்ப்புருவிலும் தரவு ப்ளக்இன்னிலும் இருக்க வேண்டும். கலைஞர், படைப்பு, கண்காட்சி ஆகிய பதிவு வகைகளை வார்ப்புருவின் கோப்புக்குள்ளேயே வரையறுத்துவிட்டால், ஐந்தாண்டு கழித்துக் கலைக்கூடம் வேறு தோற்றத்துக்கு மாறும் நாளில் அத்தனை பதிவுகளும் நிர்வாகப் பக்கத்திலிருந்து காணாமல் போகும். தரவுத்தளத்தில் அவை இருக்கும். ஆனால் திறந்து பார்க்க வழியிருக்காது. வார்ப்புருவை விற்பவருக்கு இது வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் வசதியாகத் தோன்றலாம். வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "வார்ப்புருவை மாற்றினால் என் பதிவுகள் என்ன ஆகும்?" எல்லாப் பதிவுகளையும் விரிதாளாக இறக்கிக்கொள்ளும் பொத்தான் ஒன்றும் இருக்க வேண்டும்.

பக்கத்தில் இருப்பது என்ன என்று தேடுபொறிகளுக்குத் தெரிவிக்க உதவும் ஸ்கீமா.ஆர்க் சொற்களஞ்சியத்தில் காட்சிக்கலைப் படைப்புக்கென்றே ஒரு வகை உள்ளது; ஊடகம், தளப்பொருள், அகலம், உயரம், படியெண்ணிக்கை எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. புலங்கள் பிரிந்திருந்தால் இதை நிரப்புவது சில வரி வேலை.

வாட்ஸ்அப்பில் பகிரும்போது ஓவியத்தின் தலை வெட்டுப்படுகிறது. என்ன செய்யலாம்?

பகிர்வு முன்னோட்டங்கள் 1200-க்கு 630 பிக்சல் என்ற கிடந்த வடிவத்தையே எதிர்பார்க்கின்றன. நெடிய ஓவியத்தை அப்படியே கொடுத்தால் நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். நடுநிலை நிறப் பின்புலத்தில் முழு ஓவியத்தையும் பொருத்திய தனிப் பகிர்வுப் படத்தை வார்ப்புருவே உருவாக்கட்டும். சேகரிப்பாளரிடமிருந்து வரும் விசாரணைகளில் பெரும்பங்கு வாட்ஸ்அப் வழியே வருவதால், விசாரணைப் பொத்தானை அழுத்தும்போது பொருட்பதிவு எண்ணும் தலைப்பும் செய்தியில் தாமாகவே நிரம்பியிருக்க வேண்டும். "அந்த நீல ஓவியம் இருக்கிறதா?" என்ற செய்திக்கு விடை தேடும் வேலை அதனால் குறையும்.

மாதிரித் தளத்தில் எந்தப் படைப்புகளை வைத்துச் சோதிப்பது?

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இலும், கிளீவ்லாந்து அருங்காட்சியகம் 2019-இலும், உரிமைக் காலம் கடந்த தங்கள் படைப்புகளின் படங்களை எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டன. மாதிரிப் படங்களை அங்கிருந்து எடுக்கலாம். வாழும் கலைஞர்களின் படங்களை அனுமதியின்றி மாதிரியில் வைத்து வார்ப்புருவை விற்கக் கூடாது.

அழகான பத்து ஓவியங்களை மட்டும் வைத்துச் சோதித்தால் எந்த வார்ப்புருவும் தேர்ச்சி பெற்றுவிடும். தலைப்பில்லாத படைப்பு, நான்கு வரித் தலைப்புள்ள படைப்பு, ஆண்டு தெரியாத தாள் ஓவியம், அகலம் உயரத்தைப்போல் பலமடங்கு உள்ள கலம்காரித் துணி, இரண்டு பலகைகளாலான ஓவியம், இருவர் சேர்ந்து செய்த சிற்பம், புகைப்படமே இல்லாத பழைய பதிவு, ஒரே எழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்ட மூன்று கலைஞர்கள் ஆகியவற்றை உள்ளிட்டு, விலைகுறைந்த கைப்பேசியில் மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். புகைப்படமில்லாத பதிவுக்குச் சாம்பல் பெட்டியும் கேமரா சின்னமும் காட்டுவதைவிட, விவரச்சீட்டை மட்டும் ஒழுங்காகக் காட்டுவது மேல். பழைய தளத்திலிருந்து மாறும் கலைக்கூடமாக இருந்தால், முந்தைய முகவரிகள் ஒவ்வொன்றும் புதிய பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடப்படுகின்றனவா என்பதையும் இதே சோதனையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அச்சிட்ட கண்காட்சி நூல்களிலும் செய்தித்தாள் விமர்சனங்களிலும் அந்தப் பழைய முகவரிகள் இருக்கின்றன.